மறுக்கப்பட்ட நிதியும் நான்கு பக்கக் கட்டுரையும்

கைபேசியில் நாம் அன்றாடம் காணும் ஜேபெக் படங்களுக்கு அடிப்படையான கணிதம், ஒருகாலத்தில் ஆய்வுநிதி மறுக்கப்பட்ட கருத்தாகும்.

1940இல் பெங்களூரில் பிறந்து, அங்கேயே பொறியியல் பயின்றவர் நசீர் அகமது. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, 1972இல் கொசைன் உருமாற்றத்தை ஆராய அந்நாட்டுத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கோரினார், கிடைக்கவில்லை. கருத்து மிக எளிமையானது என மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாக அவரே பின்னாளில் எழுதியுள்ளார். எனினும் அவர் ஆய்வைக் கைவிடவில்லை. மாணவர் நடராஜன், நண்பர் கே.ஆர். ராவ் ஆகியோருடன் 1974 ஜனவரியில் நான்கு பக்கக் கட்டுரையை வெளியிட்டார்.

படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் 64 கொசைன் வடிவங்களின் கூட்டாக எழுதலாம். கண் பொருட்படுத்தாத நுண்கூறுகளைக் குறைத்தால் கோப்பு சிறுக்கும். படமோ மாறியதாகத் தோன்றாது. 1992இல் வெளியான ஜேபெக் தரம் இதன்மீதே எழுந்தது.

நம் கல்லூரிகளின் சமிக்ஞைச் செயலாக்க வகுப்பில் இது பெரும்பாலும் ஒரு சூத்திரமாகவே கடந்துபோகிறது. அதன் பின்னிருந்த மறுப்பையும் சேர்த்துக் கற்பித்தால், விண்ணப்பம் திரும்பிவந்த ஆய்வு மாணவர் எவரும் தம் குறிப்பேட்டை அவசரப்பட்டு மூடிவைக்கமாட்டார்.