காப்பகங்களில் இரைப்பைக் கிருமித் தொற்று

முதியோர் இல்லம், மனநல விடுதி, அறிவுசார் குறைபாடுடையோர் காப்பகம் ஆகியவற்றில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழ்வோரிடையே காணப்படும் ஹெலிகோபாக்டர் பைலோரி தொற்று. சுருள் வடிவமுடைய இக்கிருமி யூரியேஸ் நொதியால் அம்மோனியாவை உண்டாக்கி, அமிலத்தைத் தணித்துக்கொண்டு இரைப்பையின் சளிப்படலத்தில் குடியிருக்கும். பெரும்பாலோருக்கு அறிகுறி இராது; சிலருக்கு அல்சர், மிகச் சிலருக்குப் புற்று.

சித்த மருத்துவம் கூறும் எண்வகைக் குன்மம் என்னும் வயிற்று நோயில் அல்சரும் அடங்கும் என்பர் சிலர். அதை ஏற்காதவரும் உண்டு.

தமிழகத்து அல்சர் வரலாற்றில் விரிவாக எழுதப்பட்டவற்றுள் ஒன்று நெய்யூர் ஆஸ்பத்திரியின் காலம். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள இவ்வூர் அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து ஊர் சுற்ற வந்த ஆங்கில அறுவை மருத்துவர் ஹோவர்ட் சோமர்வெல், மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே பணியேற்றார். 1924இல் மீண்டும் மலையேறி, ஆக்சிஜன் உருளை இல்லாமலே 28,000 அடியை எட்டினார்.   நெய்யூருக்குத் திரும்பியவரிடம் வந்த அல்சர்க்காரர் பலருக்கு இரைப்பையின் வெளிவாய் சுருங்கி, உண்டது இறங்காமல் வாந்தியாகும், ஆள் எலும்பும் தோலுமாய் இருப்பார். இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்துத் தைப்பதே அன்றைய வைத்தியம். ஓர் (Orr) என்னும் சக மருத்துவருடன் சேர்ந்து 1936இல் இவ்வனுபவத்தைக் கட்டுரையாக்கினார். பழி உணவின்மேல் விழுந்தது. குன்னூரில் உணவாய்வாளர் மெக்கரிசன் நடத்திய சோதனையிலும், திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக்கிழங்கு உணவைத் தின்ற எலிகளில் ஏறக்குறைய கால் பங்குக்குப் புண் கண்டது. காஞ்சிபுரத்துத் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரும் இன்றுவரை வயிற்றெரிச்சலுக்கு நேரந்தவறிய சாப்பாட்டையும் காரத்தையும்தான் சொல்வார். அதில் உண்மையே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது.

1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் வாரனும் மார்ஷலும் அல்சருக்கு உண்மைக் காரணமான இக்கிருமியை ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தனர். ஈஸ்டர் விடுமுறையில் யாரும் எடுக்காமல் விட்ட தட்டில்தான் அது முளைத்தது. மார்ஷல் அதைக் குடித்தும் பார்த்தார். 1994இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றாய்வு முகமை இதைப் புற்றுக் காரணியாக வகைப்படுத்தியது. 2005இல் இருவருக்கும் நோபல்.

காப்பகங்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் வெளிநாட்டவை. 1990களில் நெதர்லாந்தின் அறிவுசார் குறைபாடுடையோர் காப்பகம் ஒன்றில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் தொற்று இருந்தது. பணியாளரிடம் அது ஏறக்குறைய கால் பங்கே. எச்சில், வாந்தி, மலம் வழியே பரவுவதாகக் கருதப்படுகிறது. முதியோர் இல்லங்களில் கணக்கு அவ்வளவு தெளிவில்லை: கிருமி பொதுவாகச் சிறுவயதிலேயே தொற்றுவதால், முதியவர் அதை இல்லத்தில் பெற்றாரா, வரும்போதே கொண்டுவந்தாரா என்பது விவாதத்துக்குரியது. இந்தியப் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் தொற்று இருந்தும் இரைப்பைப் புற்று அந்த அளவுக்கு இல்லை என்பதும் விளங்காத புதிரே. ஆயினும் சென்னைப் பகுதியில் அப்புற்று குறைவன்று.

தற்போது மூச்சு, மலப் பரிசோதனைகளால் தொற்றை அறிகின்றனர். அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரம் முன்பே நிறுத்தாவிட்டால் முடிவு பொய்க்கலாம். காப்பகவாசிகள் பலர் அதைத் தினமும் விழுங்குபவர்கள்.