நேபாளம்: அயல்நாட்டு நிதியும் தலித் பெண்களின் வார்டு இருக்கையும்

2002இல் பதவிக்காலம் முடிந்த நேபாள உள்ளாட்சி மன்றங்கள் அனைத்துக்குமான முழுமையான தேர்தல் 2017 வரை நடைபெறவில்லை. இவ்விடைவெளியில், 2008இல் தொடங்கிய உள்ளாட்சி, சமூக மேம்பாட்டுத் திட்டத்திற்கு பிரிட்டன், நார்வே உள்ளிட்ட நாடுகள் நிதியளித்தன. வார்டுதோறும் குடிமக்கள் மன்றங்கள் அமைந்தன. எனினும் கையொப்ப அதிகாரம் மக்கள் தேர்ந்தெடுக்காத அரசு ஊழியர்களிடமே இருந்தது. இதை அதிகாரப் பரவலாக்கம் என்றழைக்க நாம் தயங்குகிறோம்.

திருப்பம் சட்டத்தால் வந்தது. 2017இன் உள்ளாட்சித் தேர்தல் சட்டம், ஐவர் கொண்ட ஒவ்வொரு வார்டுக் குழுவிலும் ஓர் இடத்தைத் தலித் பெண்ணுக்கென ஒதுக்கியது. 6,743 வார்டுகளில் 6,567 தலித் பெண்கள் உறுப்பினராயினர். வேட்பாளரின்றி 176 இடங்கள் காலியாகவே கிடந்தன. வார்டுத் தலைவர் பதவிக்கோ தலித் ஒதுக்கீடே கிடையாது.

உதவி வழங்கும் நாடுகள் பயிற்சி முகாம்களுக்கு வந்தோரை எண்ணிக் கணக்குக் காட்டுகின்றன. அப்பெண்கள் முன்வைத்த கோரிக்கைகளுள் எத்தனைக்கு வார்டு வரவுசெலவில் பணம் ஒதுக்கப்பட்டது என்பதே நாம் கோரும் கணக்கு.