உள்ளே வைத்ததை எடுப்பது யார்?
மூளைக் கருவி அச்சத்தின் தமிழ்நாட்டு முன்வரலாறு குறித்து

மூளைக்குள் கருவி பொருத்துவது பற்றிய பொதுமக்கள் அச்சத்துக்கு வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகிறார்கள். 1965இல் அமெரிக்கச் செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்த ஹோசே டெல்கடோவின் காளையில் தொடங்குவார்கள். மூளையில் மின்முனை பதித்த காளையை ரேடியோ அலையால் பாய்ச்சலின் நடுவே நிறுத்திக் காட்டினார் அவர். அடுத்து 1972, மைக்கேல் கிரைட்டனின் மூளைக் கருவி நாவல், மனநல மருத்துவர் பீட்டர் பிரெகினின் மூளை அறுவை எதிர்ப்பு அறிக்கை. அங்கிருந்து ஒரே தாவலில் ஈலோன் மஸ்க். இந்தத் தடத்தில் சென்னை ஒரே ஒரு முறைதான் எட்டிப் பார்க்கிறது. அதுவும் பிரெகின் அடுக்கும் குற்றச் சான்றுகளில் ஒன்றாக. அந்தச் சான்றை அவர் வாசித்த விதம் தவறு என்பதும், அதைச் சரியாக வாசித்தால் நம் பக்கத்து அச்சத்தின் வேர் வேறிடத்தில் கிடைக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

1950இல் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கினார். அறுபதுகளில் அங்கே வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா, ராமமூர்த்தி ஆகியோர், அடக்க முடியாத ஆவேசமும் ஓயாத ஓட்டமும் உள்ள நோயாளிகளின் மூளையில், ஊசி முனை அளவில் சில இடங்களைக் குறிபார்த்துச் செயலிழக்கச் செய்தார்கள். ஜப்பானில் நரபயாஷி அமிக்டலாவிலும் சானோ ஹைப்போதலாமசிலும் செய்து காட்டிய முறைகள் அவை. 1970இல் கட்டுரைகள் வெளிவந்தன. 1988இல் ராமமூர்த்தி தந்த தொகுப்புக் கணக்கின்படி இத்தகைய அறுவைகள் 603. அமிக்டலா அறுவை 481, ஹைப்போதலாமஸ் அறுவை 122. ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்குக் குணம் தெரிந்ததாக அவர் எழுதினார். நோயாளிகளில் சிறுவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்கவில்லை, மறைக்க வேண்டும் என்றும் அவர்கள் நினைக்கவில்லை.

பிரெகினின் அறிக்கை 1972 பிப்ரவரியில் அமெரிக்க நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏறியது. லோபோடமி திரும்பி வருகிறது, இம்முறை மெல்லிய ஊசியோடு வருகிறது என்பது அதன் சாரம். சென்னைக் கட்டுரையிலிருந்து அவரும் அவர் வழி வந்தவர்களும் ஓரிடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சக நோயாளிகளையும் மருத்துவர்களையும் அடித்துக்கொண்டிருந்த ஒருவர், அறுவைக்குப் பின் வார்டு ஊழியர்களுக்கு உதவியாக மாறினார், மற்ற நோயாளிகளைக் கவனித்துக்கொண்டார் என்று பாலசுப்பிரமணியம் குழுவினர் பெருமையோடு குறிப்பிட்ட இடம். பிரெகின் கண்ணுக்கு இது ஒப்புதல் வாக்குமூலமாகப் பட்டது. மனிதனை மழுங்க அடித்து நிறுவனத்துக்குச் சம்பளமில்லாத ஏவலாள் ஆக்கிவிட்டு அதைக் குணம் என்கிறார்கள் என்பது அவர் வாசிப்பு. இன்றுவரை மூளைக் கருவி எதிர்ப்பு எழுத்துகளில் அந்த இடம் இதே பொருளில்தான் எடுத்தாளப்படுகிறது.

இந்த வாசிப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. அறுவை செய்தவர்களே அதன் பலனை அளந்தார்கள். அமைதி என்பதே குணத்தின் அளவுகோலாக இருந்தது, நோயாளியின் சொல் எங்கும் பதிவாகவில்லை. ஆனால் பிரெகின் தன் மனக்கண்ணில் கண்டது அமெரிக்க மாநில மனநோய் விடுதி ஒன்றின் வார்டு: பூட்டிய கதவு, சீருடைக் காவலர், உறவு அறுந்த நோயாளி. சென்னைப் பொது மருத்துவமனையின் வார்டு அப்படிப்பட்டது அல்ல. கட்டிலுக்கு ஒரு உறவினர், கட்டிலடியில் பாய், தூக்குப் போசி, மண்ணெண்ணெய் வாசம் போகாத பை. பக்கத்துக் கட்டில்காரருக்கு டீ வாங்கி வருவதும், பாட்டில் தீர்ந்தால் நர்சம்மாவைக் கூப்பிடுவதும், ஆளில்லாத கிழவருக்குக் கஞ்சி ஊட்டுவதும் அங்கே ஏவலாள் வேலையாகக் கருதப்படுவதில்லை. நாலு நாள் படுத்தெழுந்த எவரும் செய்வது அது. செய்யாதவரைத்தான் வார்டு முறைத்துப் பார்க்கும். மருத்துவர் எழுதியதை இந்தப் பின்னணியில் வைத்தால், ஒருவர் மனிதர்களுக்கு நடுவே மனிதராக இருக்கத் திரும்பிவிட்டார் என்பதே அதன் நேர்ப்பொருள். அந்தத் திரும்பல் உண்மைதானா, எத்தனை நாள் நீடித்தது என்பது வேறு கேள்வி. மருத்துவர் வார்டைப் பற்றி மட்டும் எழுதியது, அவர் கண் எட்டிய எல்லை அதுவே என்பதால். நோயாளியின் வீட்டை அவர் பார்க்கவில்லை. பிரெகினும் பார்க்கவில்லை.

நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடமும் அந்த வீடுதான். அங்கே என் சான்று மெலிந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அன்று தமிழ்நாட்டில் அரசின் பெரிய மனநல மருத்துவமனை கீழ்ப்பாக்கம் ஒன்றே. சேலம் மாவட்டத்து மேச்சேரி போன்ற ஊரிலிருந்து அது முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். இருபது வயது மகன் கல்லெடுத்து அடிக்கிறான், கிணற்றை நோக்கி ஓடுகிறான் என்றால் குடும்பத்துக்கு முன் இருந்த வழிகள் கோயில், தர்கா, தூணில் கட்டும் சங்கிலி. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஓலைக் கொட்டகை எரிந்தபோது 28 பேர் மாண்டார்கள். ஓட முடியாதபடி அவர்களைப் பிணைத்திருந்தது சங்கிலி. அறுவைகள் தொடங்கி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் நிலைமை இது. அப்படியானால் அறுபதுகளில் அந்த நோயாளிகளைச் சென்னைக்குக் கொண்டுவந்தது அரசின் கட்டுப்பாட்டு ஆசை என்பதைவிட, வீட்டின் களைப்பு என்று கொள்வதே பொருந்தும். அறுவைக்குக் கையெழுத்துப் போட்ட தகப்பனின் பயம், மகன் பொம்மையாகிவிடுவானோ என்பதோடு நின்றிருக்காது. பொம்மையாகிவிட்டால் எனக்குப் பின் யார் பார்ப்பார்கள் என்பதும் அதில் இருந்திருக்கும். அமெரிக்காவில் இத்தகைய அறுவை குறித்து 1973இல் செனட் விசாரணையும் மிச்சிகன் நீதிமன்றத் தீர்ப்பும் வந்தன. இங்கே அப்படி எதுவும் வரவில்லை. அதனால் இங்கே அச்சமே இல்லை என்று முடிவுகட்டுவது, அச்சில் வராததெல்லாம் நடக்காதது என்று நினைக்கும் நூலகப் பழக்கம்.

அச்சில் வராத அச்சம் எங்கே தங்கும்? கதையில் தங்கும். தேரையர் கதை எல்லாரும் அறிந்தது. தீராத தலைவலிக்காரரின் கபாலத்தை அகத்தியர் திறக்கிறார். மூளைமேல் தேரை உட்கார்ந்திருக்கிறது. எப்படி எடுப்பது என்று குரு திகைக்கையில், சீடன் பாத்திரத்தில் தண்ணீர் கொண்டுவந்து சலசலக்க, தேரை தானே தாவி அதில் குதிக்கிறது. இதைச் சொல்லி, நம் முன்னோர் அன்றே மூளை அறுவை செய்தார்கள் என்று மேடையில் முழங்குவது வழக்கம். அந்த முழக்கத்தில் கதையின் நுட்பம் அமுங்கிப்போகிறது. கபாலத்தைத் திறப்பது கதையில் ஒரு சிக்கலே இல்லை, குரு அதை எளிதாகச் செய்துவிடுகிறார். சிக்கல் எடுப்பதில் இருக்கிறது.

இதே கதைக்கு வடபுலத்தில் வேறு வடிவங்கள் உண்டு. பாலி விநய நூலில் ஜீவகன் ராஜகிருகத்துச் செட்டியின் தலையைத் திறந்து இரண்டு புழுக்களை எடுத்துக் காட்டுகிறான். ஒரு லட்சம் அரசனுக்கு, ஒரு லட்சம் தனக்கு என்று கூலி வாங்குகிறான். (கோடீசுவரரின் தலை வைத்தியன் கையில் இருந்த காலம் அது. இன்று கை மாறியிருக்கிறது.) போஜராஜன் கதையில் கபாலத்துள் மீன்குஞ்சுகள். இவ்விரண்டிலும் எடுப்பது பற்றிக் கவலை இல்லை, எடுத்தார்கள், முடிந்தது. ஆனால் திபெத்திய மொழியில் காக்கப்பட்ட மூலசர்வாஸ்திவாத விநய வடிவம் வேறு மாதிரி. அங்கே தலைக்குள் இருப்பது பூரான். குரு ஆத்ரேயர் இடுக்கியை நீட்டுகிறார். மறைந்திருந்து பார்த்த ஜீவகன் தடுக்கிறான். அவசரப்பட்டால் பூரான் காலால் மூளையைப் பற்றி இழுக்கும், இடுக்கியைக் காய்ச்சி முதுகில் தொடுங்கள், கால்களை மடக்கிக்கொள்ளும், அப்போது எடுங்கள் என்கிறான். குருவின் திகைப்பு, சீடனின் யோசனை, பற்றிக்கொண்ட உயிரை மூளை கிழியாமல் விடுவிப்பது: தமிழ்க் கதையின் எலும்புக்கூடு அப்படியே இங்கே இருக்கிறது. ஆக, தேரையர் கதையின் நெருங்கிய உறவு பாலி வடிவத்தைவிட இந்த வடிவத்தோடுதான். காஞ்சி, நாகப்பட்டினம் வழியே பௌத்தர் கொண்டுவந்ததா, இரண்டுக்கும் பொதுவான பழைய வாய்மொழி ஒன்று இருந்ததா என்று என்னால் அறுதியிட முடியவில்லை. தேரையர் பெயரில் வழங்கும் பாடல்களின் நடை பிற்காலத்தது. அதை வைத்துக் கதையின் வயதைச் சொல்ல முடியாது. தமிழ் வடிவம் ஒன்றை மட்டும் கூட்டியிருக்கிறது: சூடு இல்லை, இடுக்கி இல்லை, தேரை தானாகவே போக வேண்டும். தலைக்குள் போன எதற்கும் வெளியே வர ஒரு வழி வைத்திருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையாக நான் இதை வாசிக்கிறேன். ஒரு கதையின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றலாமா என்று கேட்கலாம். நாலு வடிவங்களை அருகருகே வைத்தபின் எனக்கு வேறு வாசிப்பு தோன்றவில்லை.

சென்னை அறுவைகள் மூளையில் கருவி எதையும் விட்டுவைக்கவில்லை, குறித்த இடத்தைச் செயலிழக்கச் செய்தார்கள், ஊசியை வெளியே எடுத்தார்கள். மாற்றம் கனகாவோடு வருகிறது. மின்முனையை மூளையிலேயே நெடுங்காலம் தங்கவிட்டுத் தூண்டும் முறையை இந்தியாவில் முதலில் செய்தவர் அவர் என்றும் ஆண்டு 1975 என்றும் சொல்வார்கள். பதிவுக்காகச் சில நாள் வைத்து எடுத்த மின்முனைகளையும் கணக்கில் சேர்த்தால் இந்த ஆண்டு முன்னே நகரலாம். என் வாதத்துக்கு வேண்டியது ஆண்டைவிட அந்தத் தாண்டல். செயலிழக்கச் செய்வது ஒரு நாள் வேலை. தங்குவதற்கு மின்கலமும் மருத்துவரும் உதிரிபாகமும் வேண்டும், அவற்றைத் தர ஒரு நிறுவனமும் வேண்டும். டெல்கடோவின் காளை இந்தக் கேள்வியை எழுப்பவே இல்லை, காளைக்குப் பின்னால் ஒரு கம்பெனி இல்லை.

இப்போது கம்பெனிகள் இருக்கின்றன. 2016இல் தொடங்கிய மஸ்க்கின் நியூராலிங்க் 2023 மே மாதம் மனிதச் சோதனைக்கு அமெரிக்க அனுமதி பெற்று, 2024 ஜனவரியில் முதல் மனிதருக்குக் கருவி வைத்தது. 64 இழைகள், அவற்றில் 1,024 மின்முனைகள். சில வாரங்களில் இழைகள் பலவும் மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டன என்று 2024 மே மாதம் நிறுவனமே அறிவித்தது. மென்பொருளை மாற்றிச் சமாளித்தார்கள். அதற்கு முன்பே, 2022 டிசம்பரில், ராய்ட்டர்ஸ் செய்தி ஒன்று 2018 முதல் அந்நிறுவனச் சோதனைகளில் சுமார் 1,500 விலங்குகள் இறந்ததாகவும், அவற்றில் ஆடு, பன்றி, குரங்கு மட்டும் 280க்கு மேல் என்றும் சொன்னது. பெசோஸ், கேட்ஸ் ஆகியோர் முதலீடு செய்த சின்க்ரான் மண்டையைத் திறக்காமல் கழுத்து இரத்தக் குழாய் வழியே கருவியை ஏற்றுகிறது. அதையும் முதலில் செம்மறியாடுகளில்தான் சோதித்தார்கள்.

செம்மறி ஒன்றுக்காகவே வெளியூரில் பெயர் தெரிந்த ஊர் மேச்சேரி. பக்கத்துப் பொட்டனேரியில் அந்த இனத்துக்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆட்டுக் காதில் பன்னிரண்டு இலக்க வில்லை குத்துவது இங்கே பழகிய காட்சி. மூளையில் சிப் வைக்கும் செய்தி கைப்பேசியில் வந்ததும், சந்தையில் வில்லையைக் காட்டிக் கேலி பேசினார்கள். கேலி ஓய்ந்ததும் வந்த கேள்வி: “வெச்சவங்க கம்பெனிய மூடிட்டுப் போயிட்டா, அப்புறம் அத எடுக்கறது யாருங்க?” மனதைப் படித்துவிடுவார்களே என்று யாரும் கேட்கவில்லை. ஒரு சந்தைப் பேச்சு சான்றாகாது என்பது தெரியும். ஆனால் இந்தக் கேள்விக்கு உலகில் பதில் ஏற்கனவே இருக்கிறது, நல்ல பதில் அல்ல. செயற்கைப் பார்வைக் கருவி செய்த செகண்ட் சைட் நிறுவனம் அதைக் கைவிட்டபோது, முந்நூற்றுக்கும் மேற்பட்டோர் கண்ணுக்குள் ஆதரவற்ற கருவியோடு நின்றார்கள். வலிப்பு வருவதை முன்னறிவிக்கும் கருவியை ஆஸ்திரேலியாவில் சோதித்த நியூரோவிஸ்டா 2013இல் பணமின்றி நின்றது. கருவி வேண்டும் என்று மன்றாடிய ஒரு பெண்ணிடமிருந்தும் அது எடுக்கப்பட்டது.

மனதைப் படிக்கும் அச்சம் நமக்கு அந்நியம் என்று சொல்ல வரவில்லை. 2010 மே 5 அன்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒப்புதலின்றி உண்மை கண்டறியும் ஊசி போடுவதையும் மூளை வரைபடம் எடுப்பதையும் தடை செய்தது. அந்த அச்சம் இங்கே காவல் நிலையத்தை நோக்கி இருந்தது, செல்வந்தரை நோக்கி இல்லை. இன்ஃபோசிஸ் கிரிஸ் கோபாலகிருஷ்ணன் தம்பதியர் கொடையில் சென்னை ஐஐடியில் மூளை ஆய்வு மையம் எழுந்து, 2024இல் கருச்சிசு மூளையின் முப்பரிமாண வரைபடத்தை வெளியிட்டபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. அங்கே உயிருள்ள தலை எதற்குள்ளும் எதுவும் போகவில்லை. ஆகவே பணக்காரர் பணம் என்பது மட்டும் நம் மக்களை உறுத்துவதில்லை.

சட்டம் இந்த இடத்தில் பாதி தூரம்தான் வந்திருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 96ஆம் பிரிவு, மனநோயாளிக்கு மூளை அறுவை செய்ய அவருடைய சொந்த ஒப்புதலும் வாரியத்தின் அனுமதியும் வேண்டும் என்கிறது. தகப்பன் கையெழுத்து மட்டும் இனிப் போதாது. சென்னையின் சிறுவர் அறுவைகள் இச்சட்டத்தின் கீழ் நடந்திருக்க முடியாது. பிரெகின் கேட்டது கிடைத்துவிட்டது என்றே சொல்லலாம். சந்தையில் கேட்டதற்கு, அதாவது வைத்த கருவியை எவ்வளவு காலம் யார் பராமரிப்பது, எடுக்கும் செலவு யாருடையது என்பதற்கு, அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை.

1970இல் பத்து வயதுச் சிறுவராக அந்த அறுவை மேசையில் கிடந்தவர்கள் உயிரோடிருந்தால் இப்போது அறுபதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களை யார் பார்த்துக்கொண்டார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்பது எந்த மருத்துவ இதழிலும் இருக்காது, அண்ணன் வீட்டிலும் தங்கை வீட்டிலும் இருக்கும். என் வாசிப்பைத் தகர்க்கும் சான்று இருந்தால் அதுவும் அங்கேதான். அந்த வீடுகளில் ஒன்றிரண்டு, அவர் திரும்பி வந்தபின் எங்கள் பிள்ளையாக இல்லை என்று சொன்னால், பிரெகின் பக்கம் நான் மறுபடி புரட்ட வேண்டியிருக்கும்.