யெல்லோஸ்டோன் ஆற்றில் மீண்டும் மீண்டும் சிக்கிய மீன்

1981ஆம் ஆண்டின் மீன்பிடிப் பருவத்தில், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஆற்றின் ஒரு பகுதியில் வாழ்ந்த ‘கட்த்ரோட்’ ட்ரவுட் மீன் ஒவ்வொன்றும் சராசரியாக 9.7 முறை தூண்டிலில் சிக்கியது. ஷில், கிரிஃபித், கிரெஸ்வெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1986இல் வெளியிட்ட கணக்கு இது. ஒருமுறை பிடித்து விட்டதால் செத்த மீன்கள் ஆயிரத்துக்கு மூன்று. பருவம் முழுவதையும் சேர்த்தாலும் நூற்றுக்கு மூன்றுதான். முள் குத்திய மீனை ஆற்றில் விட்டாலும் பிழைக்காது, கூடையில் போட்டுக்கொள்வதே மேல் என்று சொல்லிவந்தவர்களுக்கு இந்த எண்களுக்கு முன்னால் பேச வழியில்லாமல் போனது.

அந்த ஆற்றுக்கு இப்படியொரு காலம் வரும் என்று நூறாண்டுகளுக்கு முன் யாரும் நினைத்திருக்க முடியாது. யெல்லோஸ்டோன் 1872இல் தேசியப் பூங்கா ஆனது. மானையும் காட்டெருமையையும் சுடுவதற்குத் தடை வந்த பிறகும் மீனுக்கு அந்தக் காப்பு கிடைக்கவில்லை. யெல்லோஸ்டோன் ஏரியின் மீன் விடுதிச் சாப்பாட்டு மேசைகளுக்குப் போனது. 1899 முதல் 1950கள் வரை அந்த ஏரியின் ட்ரவுட்டிடமிருந்து 80 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகளை எடுத்து, பொரிப்பகங்கள் வழியாக வேறு நீர்நிலைகளுக்கும் அனுப்பினார்கள். ஏரிக்கரையில் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு. பிடித்த மீனைத் தூண்டிலிலிருந்து கழற்றாமலேயே அதில் முக்கி வேகவைப்பது சுற்றுலாப் பயணிகளுக்கு ஒரு வேடிக்கை. பின்னாளில்தான் அங்கே மீன்பிடிக்கத் தடை வந்தது.

ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்தில் ‘ஃபிஷிங் பிரிட்ஜ்’ என்ற பாலம். இப்போதிருப்பது 1937இல் கட்டியது. ட்ரவுட் முட்டையிடும் சரளைப் படுகை அதன் அடியிலேயே இருந்தது. மீன் தன் இனத்தைப் பெருக்க வந்து கூடும் இடத்துக்கு நேர் மேலே நின்று, தோளோடு தோள் உரச நூற்றுக்கணக்கானோர் தூண்டில் போட்டார்கள். எத்தனை வளமான ஏரியும் இதைத் தாங்காது. ஆண்டுகள் போகப்போக மீன் குறைந்தது, அளவிலும் சிறுத்தது.

பிடித்ததை விட்டுவிடும் யோசனை அதற்கு வெகு முன்பே பிறந்துவிட்டது. சுரங்கத் தொழிலாளிகளுக்குப் பாதுகாப்பு விளக்கு செய்துகொடுத்த வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, 1828இல் எழுதிய ‘சால்மோனியா’ நூலில், உணவுக்கு வேண்டாத மீனைத் தண்ணீரில் திரும்ப விடுவதைப் பேசுகிறார். அமெரிக்காவில் லீ வுல்ஃப் 1939இல் இன்னொரு பக்கத்திலிருந்து வாதாடினார்: வேட்டைச் சுவை தரும் மீனை ஒருவர் ஒரே ஒருமுறை பிடித்துத் தீர்த்துவிடுவது வீண், அடுத்தவருக்கும் அது கிடைக்க வேண்டும். டேவி மீனைப் பற்றிக் கவலைப்பட்டார் என்றால், வுல்ஃப் மீனையும் மீனவரையும் சேர்த்தே நினைத்தார்.

ஆனாலும் அந்த வாதம் உடனே எடுபடவில்லை. பொரிப்பகங்கள்தான் காரணம். தொட்டியில் வளர்த்த ட்ரவுட்டை லாரியில் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும்போது, பிடித்த மீனை எதற்குத் திரும்ப விட வேண்டும்? தீர்ந்தால் அடுத்த லாரி வரும். மோன்டானா மாநிலத்தின் மாடிசன் ஆற்றில் டிக் வின்சென்ட் என்ற மீனியலாளர் செய்த ஆய்வு இந்த நம்பிக்கையை உடைத்தது. தொட்டி மீன் விடுவதை நிறுத்திப் பார்த்தார். ஆற்றிலேயே பிறந்து வளர்ந்த ட்ரவுட் பெருகியது. 1974இல், மீன் தானாகப் பெருகக்கூடிய ஆறுகளில் தொட்டி மீன் விடுவதை மோன்டானா கைவிட்டது. லாரி நின்ற பிறகுதான் ஆற்றிலிருக்கும் ஒவ்வொரு மீனுக்கும் விலை கூடியது. மோன்டானாவில் ஒரே மீனைப் பலமுறை பிடிக்கும் வழக்கத்தின் உண்மையான தொடக்கம் இதுதான். பெருந்தன்மையைவிடப் பற்றாக்குறைக்கே அதில் பங்கு அதிகம்.

யெல்லோஸ்டோன் பூங்கா அதற்கு ஓராண்டு முந்திக்கொண்டது. 1973இல் பாலத்தில் மீன்பிடிப்பு நின்றது. கீழே ஆற்றில் பிடிக்கும் கட்த்ரோட் அத்தனையையும் விட்டுவிட வேண்டும் என்று விதி வந்தது. எட்டே ஆண்டுகளில் 9.7 என்ற எண்.

அந்த மீன் ஏன் திரும்பத் திரும்பக் கடித்தது? எல்லா மீனும் அப்படியில்லை. ஒருமுறை முள் பட்ட கெண்டை, வெகுகாலம் தூண்டிலை அண்டுவதில்லை என்று 1970இல் டச்சு ஆய்வாளர் பெக்கெமா காட்டியிருந்தார். பழுப்பு ட்ரவுட்டும் சந்தேகப் பிராணி. தாடைக்கடியில் சிவப்புக் கீற்றுள்ள கட்த்ரோட்டின் நிலைமை வேறு. அது வாழும் மலைநீர் கடுங்குளிர், கோடையோ குறுகியது. பூச்சிகள் மேலெழும் அந்தச் சில வாரங்களுக்குள் உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டிய மீன், இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈயையும் விட்டுவைக்காது.

பிழைத்ததற்கும் அதே குளிர்நீர் துணை. இரையைப் போல விழுங்காமல் உதட்டோரம் மாட்டும் பொய் ஈயும் துணை. வேறிடத்தில் கணக்கு மாறிவிடும். கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் இருவரும் 1992இல் வெளியிட்ட சோதனையில், ஓட ஓட விரட்டிக் களைப்படையச் செய்த வானவில் ட்ரவுட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு செத்தன. களைத்த மீனை 30 விநாடி காற்றில் வைத்தபோது 38. ஒரு நிமிடம் வைத்தபோது 72. ஒரு புகைப்படம் எடுக்க அவ்வளவு நேரம் போதும். கோடையில் தண்ணீர் தொடர்ந்து மூன்று நாள் சுமார் 23 டிகிரி செல்சியஸை எட்டினால், மோன்டானா பிற்பகல் 2 மணியிலிருந்து நள்ளிரவு வரை மீன்பிடிப்பை நிறுத்திவைக்கிறது.

வலியின் கேள்வி இன்னும் கடினமானது. லின் ஸ்னெடனும் சக ஆய்வாளர்களும் 2003இல், வானவில் ட்ரவுட்டின் முகத்தில் காயத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைக் காட்டினார்கள். உதட்டில் தேனீ நஞ்சோ அசிட்டிக் அமிலமோ செலுத்தியபோது மீனின் நடத்தையே மாறியது. விடுவதற்காகவே மீனைப் பிடிப்பதைச் சுவிட்சர்லாந்து தடை செய்திருக்கிறது. பத்துமுறை பிடிபட்ட மீனை வெற்றிக் கதையாகச் சொல்பவர்கள் இந்தத் தடையையும் மனதில் வைத்தே பேச வேண்டும்.

விட்டுவிடுவது மட்டும் கட்த்ரோட்டைக் காக்கப் போதவில்லை. 1994இல் யெல்லோஸ்டோன் ஏரியில் ‘லேக் ட்ரவுட்’ தென்பட்டது. இது வெளியிலிருந்து மனிதர் கொண்டுவந்து விட்ட இனம். கட்த்ரோட்டைத் தின்று வளர்வது. ஏரிக்கு வந்து சேரும் கிளியர் க்ரீக் ஓடையில் 1978இல் முட்டையிட ஏறிய கட்த்ரோட் 70,000க்கு மேல். 2007இல் ஏறக்குறைய 500. தூண்டில்காரர்கள் ஒவ்வொன்றாக விட்டுக் காத்த மீனை, ஏரியின் ஆழத்தில் இன்னொரு மீன் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. மீன்களைத் தாக்கும் சுழல்நோயும் வறட்சியும் சேர்ந்துகொண்டன. கட்த்ரோட்டை நம்பியிருந்த கரடிகளும் மீன்கொத்திக் கழுகுகளும் இரைக்கு வேறு வழி தேடின.

இன்று அங்கே இரண்டு விதிகள் அருகருகே நடக்கின்றன. 2001 முதல், பூங்காவின் சொந்த மீனினங்களைத் தூண்டிலில் பிடித்தால் உயிரோடு விட்டாக வேண்டும். அதே ஏரியில் லேக் ட்ரவுட் சிக்கினால் கொன்றாக வேண்டும். செவுள்வலை போட்டு இதுவரை 40 லட்சத்துக்கும் மேற்பட்ட லேக் ட்ரவுட்டை அகற்றியிருக்கிறார்கள். உடலில் ஒலிக்கருவி பொருத்தி விட்ட சில மீன்களைப் பின்தொடர்ந்து முட்டையிடும் பாறைத்திட்டுகளைக் கண்டுபிடிக்கிறார்கள். அங்கே செத்த மீன்களைக் கொட்டி, அவை அழுகும்போது முட்டைகள் மூச்சுத்திணறிச் சாகும்படி செய்கிறார்கள். கட்த்ரோட் மெல்லத் திரும்பி வருகிறது. பழைய எண்ணிக்கையை இன்னும் தொடவில்லை.