மதுரம் அம்மாவின் அந்த இருபத்தெட்டு மாதங்கள்

லட்சுமிகாந்தன் கொலை வழக்கு என்றாலே எங்க பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பெரியவர்கள் பாகவதர் கதையைத்தான் ஆரம்பிப்பார்கள். 1995 வரை இதெல்லாம் திருச்சி மாவட்டம்தானே, அவரும் திருச்சியில் வளர்ந்தவர். ஆனால் அதே வழக்கில் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறையில் இருந்தார். அவர் மனைவி டி.ஏ.மதுரம் வெளியே என்ன பாடுபட்டார் என்று யாரும் சொல்வதில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக... நடிகர், நடிகைகளைப் பற்றி அவதூறு எழுதிப் பத்திரிகை நடத்தியவர் லட்சுமிகாந்தன். 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அடுத்த மாதமே இருவரும் கைது. 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் அப்பீலும் தள்ளுபடி. லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன வழக்கு மறுபடி சென்னைக்கே வந்தது. எத்திராஜ் வாதாடினார் (ஆமாம், எத்திராஜ் காலேஜ் ஆரம்பித்த அதே வக்கீல்தான்). 1947 ஏப்ரலில் குற்றமற்றவர்கள் என்று விடுதலை.

சரி, மதுரத்துக்கு வருவோம். 1936-ல் வந்த 'வசந்தசேனா' படத்தின்போது ஆரம்பித்த பழக்கம் கல்யாணத்தில் முடிந்தது. என்.எஸ்.கே.க்கு முதல் மனைவி நாகம்மை ஏற்கனவே இருந்தார். ஆக அது சிக்கல் இல்லாத குடும்பம் ஒன்றும் கிடையாது. அதன்பிறகு படத்துக்குப் படம் ஜோடியாகவே காமெடி. காமர்ஸ் படிக்கிற எனக்கு இது பார்ட்னர்ஷிப் கம்பெனி மாதிரித்தான் தெரிகிறது. ஒரு பார்ட்னர் ஜெயிலுக்குப் போனால் இன்னொருவர் யாரோடு ஜோடி சேர்ந்து சம்பாதிப்பது? வரவு இப்படி அடைபட்ட நேரத்தில்தான் செலவு எகிறியது. வக்கீல் ஃபீஸ் சும்மாவா! அதுவும் லண்டன் வரைக்கும்!! செய்யாத குற்றத்துக்குப் புருஷன் உள்ளே, அதற்கான பில் கட்ட வேண்டியவர் வெளியே. இதைத் தாங்காமல் உடைந்துபோன குடும்பங்கள் எத்தனையோ இருக்கும்.

மதுரம் முடங்கிவிடவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமம் துணையோடு நாடகக் குழுவை நடத்தினார். 'பைத்தியக்காரன்' நாடகம் போட்டார். வழக்குச் செலவுக்குப் பணம் திரட்டத்தான் அது. பிறகு அதையே படமாகவும் எடுத்தார்கள், கிருஷ்ணன்-பஞ்சு டைரக்‌ஷனில்.

படம் பாதிக்கு மேல் வளர்ந்த சமயத்தில் என்.எஸ்.கே. விடுதலையாகி வந்தார். கதையில் அவருக்கு இடமே இல்லை! மதுரம் ஏற்கனவே சகஸ்ரநாமத்துக்கு ஜோடியாக நடித்துக்கொண்டிருந்தார். என்ன செய்தார்கள் தெரியுமா? என்.எஸ்.கே.க்காகப் புதிதாக ஒரு பாத்திரத்தைச் சேர்த்து, அவருக்கு ஜோடியாக மதுரத்துக்கு இரண்டாவது வேடமும் கொடுத்துவிட்டார்கள். 1947-லேயே படம் ரிலீஸ். எம்.ஜி.ஆரும் சின்ன வேடத்தில் வருவார். டிவிடி கிடைத்தால் பாருங்கள் :-)