மட்டாஞ்சேரியில் தேடிய துப்பாக்கி

போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, தங்கமணியின் சித்தி வீட்டுக்கு மட்டாஞ்சேரி போயிருந்தோம். அப்பாவும் கூட வந்தார். வயது 82. ஊன்றுகோலோடு ஜூ டவுன் முழுக்க நடந்தார்.

1568-ல் கட்டிய பரதேசி சினகாக் இருக்கும் தெரு அது. ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் மூட்டை மூட்டையாக நகர்ந்த கிடங்குகளில் இப்போது பழம்பொருள் கடைகள். உருளி, சீன ஜாடி, தேக்குக் கதவு, மரக்குதிரை எல்லாம் இருக்கிறது. ஒரு கடையில் அப்பா திடீரென்று கேட்டார்: "கீழே லிவர் வெச்ச துப்பாக்கி ஏதாவது இருக்குங்களா?"

கடைக்காரர் சிரித்தார். "சாரே, அதினொக்கெ லைசன்ஸ் வேணம்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா எதைத் தேடுகிறார் என்று தெரியும். அதைச் சொல்லக் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றணும்.

எங்கள் ஊர் பென்னாகரம் பக்கம். காட்டுப்பன்றி விரட்ட தாத்தாவிடம் உரிமத்தோடு ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. ஆனால் அவர் வாய் ஓயாமல் பேசியது வேறு ஒரு துப்பாக்கியைப் பற்றி. பெங்களூரிலிருந்து வரும் ஆண்டர்சன் துரையின் துப்பாக்கி. "பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தா போதும்டா, அடுத்த தோட்டா தயார்" என்று கையாலேயே செய்து காட்டுவார்.

துரை கற்பனை ஆள் இல்லை. கென்னத் ஆண்டர்சன் (1910-1974). பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் வேலை. பென்னாகரம், அஞ்செட்டி, ஜவளகிரி காடுகளில் ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைத் தேடி அலைந்தவர். முதல் புத்தகம் 1954-ல் வந்தது. அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல்.

அந்த மாடலுக்கு ஒரு கதை உண்டு. ஆலிவர் வின்செஸ்டர் முதலில் சட்டை தைத்து விற்றவர். 1866-ல் அவர் பெயரில் துப்பாக்கிக் கம்பெனி வந்தது. பழைய லிவர் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு போட்டால், பின்னால் இருக்கும் குண்டின் முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் கேப்பில் இடித்து வெடிக்கலாம். ஜான் பிரவுனிங் 1895 மாடலில் தோட்டாக்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினார். அந்தச் சிக்கல் தீர்ந்தது, பெரிய தோட்டாக்களையும் போட முடிந்தது. 1904-ல் வந்த .405 தோட்டாவின் குண்டு 300 கிரெயின், அதாவது ஏறக்குறைய 19 கிராம். 1909-ல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்க வேட்டைக்கு எடுத்துப் போனதும் இதைத்தான்.

விதியைப் பாருங்கள், நான் பிழைக்க வந்த இடம் கனெக்டிகட். வின்செஸ்டர் ஆலை இருந்த நியூ ஹேவன் இங்கேதான். 2006-ல் அதை மூடிவிட்டார்கள்.

அலுவலகத்தில் ஒரு பெரியவர் பழைய வின்செஸ்டர்கள் சேர்க்கிறார், அதுவும் 'டீலக்ஸ்' மட்டும். அந்தக் காலத்தில் கூடுதல் காசு கொடுத்து ஆர்டர் செய்தவர்களுக்கு, ரேகை ஓடும் உயர்ந்த வால்நட் கட்டை, கை வழுக்காமல் இருக்கக் கட்டம் கட்டமாகச் செதுக்கல், வளைந்த பிடி, இரும்பில் மயில்கழுத்து நிறம் எல்லாம் வைத்துக் கொடுத்தார்களாம். ஒருநாள் அவர் வீட்டில் ஒன்றைப் பார்த்துவிட்டு, "பாலிஷ் போட்டால் பளபளக்குமே" என்று உளறிவிட்டேன். மனுஷன் பதறிவிட்டார். பாலிஷ் போட்டால் விலை பாதியாகிவிடுமாம். பழைய நிறமும் தேய்மானமும்தான் மதிப்பு. அதைவிட மதிப்பு காகிதத்துக்கு. வயோமிங் மாநிலம் கோடி ஊர் அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் ஆலையின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்தால், பதிவு இருக்கும் மாடல்களுக்கு, எப்படிச் செய்யப்பட்டது, எப்போது ஆலையை விட்டுப் போனது என்று கடிதம் தருவார்கள். துப்பாக்கிக்குப் பிறப்புச் சான்றிதழ்!

சட்டமும் வேடிக்கைதான். அமெரிக்காவின் 1968 சட்டப்படி 1898 அல்லது அதற்கு முன் செய்த துப்பாக்கி 'பழம்பொருள்'. ஆண்டர்சனின் .405 அதில் வராது, அந்தத் தோட்டாவே 1904-ல்தான் பிறந்தது. நம் ஊரில் 1959 ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழைய ஆயுதத்தை மட்டுமே விட்டுவைக்கிறது. சுடக்கூடியது என்றால் எத்தனை கிழடானாலும் உரிமம் வேண்டும். இன்னொரு பக்கம் 1972-ன் தொல்பொருள் சட்டம். நூறு வயதைத் தாண்டிய கலை, வரலாற்றுப் பொருட்களைத் தனியார் யாரும் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஜூ டவுனில் எதையாவது வாங்கிப் பெட்டியில் போடுமுன் இதை ஞாபகம் வையுங்கள் மக்களே.

அப்பா தேடியது வின்செஸ்டரை அல்ல. தாத்தா 1987-ல் போனதும் அவருடைய ஒற்றைக்குழலை ஓர் அலுவலகத்தில் ஒப்படைத்தோம். உரிமத்தைத் தன் பேருக்கு மாற்ற அப்பா நடையாய் நடந்தார். வருஷங்கள் கழித்துக் கேட்டபோது, "அப்படி ஒண்ணு இங்கே இல்லையே" என்றார்கள். கண்ணெதிரே கொடுத்த பொருள். "எங்கப்பன் கொடுத்ததை நான் காப்பாத்தலை" என்று இன்றைக்கும் சொல்வார். தாத்தா வைத்திருந்தது போய்விட்டது, ஆசைப்பட்டதையாவது ஒருமுறை தொட்டுப் பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறார்.

கடையில் ஒன்றும் வாங்கவில்லை. பென்னாகரம் திரும்பியதும் பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். வேட்டிக்கு அடியில் தாத்தாவின் உரிமப் புத்தகம். பழுப்பேறிய அட்டை, தாத்தாவின் கையெழுத்து, துப்பாக்கியின் எண், வருஷா வருஷம் புதுப்பித்த முத்திரைகள். நண்பர் சொன்ன அதே பிறப்புச் சான்றிதழ்.

அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முத்திரையாக விரலால் தடவினார். பிறகு என்னிடமே நீட்டினார். "நீயே எடுத்துட்டுப் போ. பேரனுக்குக் காட்டு."

இப்போது அது கனெக்டிகட்டில், என் மேஜை மேல். பையன் நேற்று கேட்டான், "துப்பாக்கி எங்கேப்பா?" கையால் பிடியைக் கீழே தள்ளி, மேலே இழுத்துக் காட்டினேன்.