கல் சுவரும் கண்காணாச் சுவரும்

பழைய நகரைப் பார்க்கப் புறப்படுவோர் பலர், முதலில் ஒரு வழிகாட்டியைத் தேடுகின்றனர். அவர் கை நீட்டும் பக்கம் கண்ணைத் திருப்பி, அவர் கூறும் கதைக்கெல்லாம் தலையை ஆட்டி, கோபுரத்தின் உயரத்தையும் கட்டடத்தின் வயதையும் குறித்துக்கொண்டு, களைத்து வீடு திரும்புகின்றனர். கண்டது யாது என்று கேட்டால் கல் என்பர், கலை என்பர், கொற்றவன் ஒருவன் பெயரும் கூறுவர். ஆனால், அந்தத் தெருவிலே யார் நடக்கலாம், யார் நடக்கலாகாது என்று ஒரு காலத்திலே விதி இருந்ததே, அதனைக் கூறார். கூறும்படி எவரும் கேட்பதுமில்லை!

நாம் இன்று வழிகாட்டி இன்றியே நடப்போம். இரண்டு கால்கள், ஒரு காலைப்பொழுது, ஒரே ஒரு கேள்வி, இவை போதும். இடம், சென்னையின் பழைய நடுநகர். கோட்டையிலே தொடங்கி, ஜார்ஜ் டவுனைக் கடந்து, பழைய மதிலின் மிச்சத்திலே முடியும் வழி. கேள்வி இதுதான்: இங்கே சுவர் எழுப்பியவர் யார்? எவரைத் தடுப்பதற்காக?

கோட்டையிலிருந்து தொடங்குவோம். 1639 ஆகஸ்டு 22-ஆம் நாள், தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் இந்த மணற்பரப்புக்கு உரிமை பெற்றார் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே. அடுத்த ஆண்டு கோட்டை வேலை தொடங்கியது. நாடாள வந்தோம் என்று அவர்கள் கூறவில்லை. துணி வாங்க வந்தோம் என்றனர். சோழமண்டலக் கரையின் நெசவு, உலகச் சந்தையிலே பொன்னாக மாறிய காலம் அது! கோட்டைக்குள் வெள்ளையர் குடியேறினர். 1680-இல் அவர்தம் புனித மேரி தேவாலயமும் எழுந்தது. மதிலுக்கு வெளியே, வடக்கே, நெசவாளரும் சாயம் தோய்ப்போரும் வணிகரும் துபாஷிகளும் படகோட்டிகளும் குடியேறினர். உள்ளே இருந்தது வெள்ளையர் நகரம். வெளியே இருந்தது கருப்பர் நகரம். துணியை நெய்த கையின் திறன் ஊருக்குப் பெயராகவில்லை. அந்தக் கையின் நிறம் பெயராயிற்று! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசரின் பெயரால், அது ஜார்ஜ் டவுன் ஆயிற்று. கருப்பர் என்ற பெயர் நீங்கிய இடத்திலே, வெள்ளையர் ஒருவரின் பெயர் வந்து அமர்ந்தது!

இந்தக் கோட்டையிலே, 1924-ஆம் ஆண்டிலே, நடப்பதைப் பற்றியே ஒரு தீர்மானம் நிறைவேறியது. அதனை நடையின் முடிவிலே பேசுவோம். இப்போது வடக்கே திரும்புவோம்.

எதிரே நிற்கிறது உயர்நீதிமன்றம். 1892-இல் திறக்கப்பட்ட செந்நிறக் கட்டடம். கூம்பும் குமிழுமாய்க் கண்ணைக் கவருகிறது. அந்த அழகைக் காண்போரில் எத்தனை பேர், அதன் அடியிலே ஓர் ஊர் புதைந்திருப்பதை அறிவர்? பழைய கருப்பர் நகரம் இங்கேதான் இருந்தது. தெருக்கள் இருந்தன, கடைகள் இருந்தன, சென்னகேசவர் கோயிலும் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். கோட்டையை ஒட்டிய வீடுகளைத் தரைமட்டமாக்கினர். 1749-இல் ஊரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், மிச்சத்தை இடித்தனர். 1757-இல் கோயிலும் இடிபட்டது. காரணம்? பீரங்கிக்குப் பார்வை மறையக்கூடாது! எதிரி வருவதைக் கோட்டையின் மேலிருந்து காணவேண்டும், சுடவேண்டும், இடையிலே மக்கள் குடியிருப்பது இடையூறு. 1773-இல் எல்லைத் தூண்கள் ஆறு நடப்பட்டன. தூணுக்குத் தெற்கே வீடு கட்டலாகாது என்பது ஆணை. ஐந்து மறைந்தன, ஒன்றுமட்டும் பாரி முனையிலே, டேர் ஹவுஸ் கட்டடத்தருகே நிற்கிறது. நாள்தோறும் ஆயிரமாயிரம் பேர் அதனைக் கடந்து பேருந்துக்கு ஓடுகின்றனர். நாம் ஒரு நொடி நிற்போம். பீரங்கிக்காக வீடிழந்தவர்க்கு எவரும் நினைவுச் சின்னம் எழுப்பவில்லை. அவர்களைத் துரத்திய கல்லே அவர்களுக்குச் சின்னமாகிவிட்டது!

இதுவரை நமது சினமெல்லாம் வெள்ளையர் மீது. அது எளிது, அந்நியர் செய்த கொடுமையைக் கூறும்போது அனைவரும் தலையசைப்பர். இனித்தான் கடினமான வழி தொடங்குகிறது. உள்ளே நடப்போம்.

நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலையிலிருந்து வடக்கே பிரிகிறது அரண்மனைக்காரன் தெரு. அரண்மனை எதுவும் அங்கே இல்லை. ஆர்மீனியர் தெரு என்பது மக்கள் நாவிலே அப்படித் திரிந்தது. தாயகத்தைப் பிறர் ஆள, வாணிபத்தை நம்பி உலகெங்கும் சிதறிய இனத்தார் ஆர்மீனியர். அவர்கள் 1772-இல் கட்டிய தேவாலயம் இன்றும் அமைதியாக நிற்கிறது. உலகிலே ஆர்மீனிய மொழியின் முதல் ஏடு வெளிவந்தது எங்கே தெரியுமா? இந்தச் சென்னையிலே! 1794-இல் ‘அஸ்தரார்’ என்ற திங்களிதழை வெளியிட்டார் ஷ்மவோனியன் என்ற பாதிரியார். நாடற்றவரின் மொழிக்கு ஏடு தந்த ஊர் என்று நாம் பெருமை கொள்ளலாம். பெருமையோடு நாலடி எடுத்து வைத்தால், அதே தெரு நம்மைத் தலைகுனியவும் செய்கிறது.

1837-இல் இந்தத் தெருவிலே ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஜான் ஆண்டர்சன் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியாக வளர்ந்து, 1937-இல் தாம்பரம் சென்றது அந்தப் பள்ளிதான். தொடங்கிய சிறிது காலத்திலேயே, தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவர் அங்கே சேர்ந்தனர் என்ற செய்தி பரவியது. வெளியேற்று அவர்களை என்று மேல்சாதிப் பெற்றோர் வற்புறுத்தினர். முடியாது என்றார் ஆண்டர்சன். மாணவர் பலர் விலகினர், அவர் அசையவில்லை, பிறகு பள்ளி மீண்டும் நிறைந்தது. எழுத்தறிவு வேண்டும், ஆனால் பக்கத்திலே இன்னார் அமரக்கூடாது! இந்தச் சுவரை எழுப்பியது கம்பெனியா? பிரெஞ்சுக்காரரா?

மேற்கே திரும்பினால் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலே ஸ்டீபன் பாபம் என்ற ஆங்கிலேயர் தூர்த்துச் சாலையாக்கும்வரை, இது நாற்றமடித்த ஒரு பள்ளம். பள்ளத்துக்குக் கிழக்கே முத்தியாலுப்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. இடையே இருந்தது சாக்கடைமட்டுமன்று, சாதியுமாகும்!

வலங்கை, இடங்கை என்று இரு பெரும் பிரிவுகளாய் அன்று மக்கள் பிளவுபட்டிருந்தனர். எந்தப் பிரிவாரின் திருமண ஊர்வலம் எந்தத் தெருவழியே செல்வது என்பதற்காகக் கைகலந்தனர். 1652-லேயே பூசல் எழுந்து தெருக்கள் பங்கிடப்பட்டன. 1707-இல் மீண்டும் மூண்டது. ஆளுநர் தாமஸ் பிட், பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கையாருக்கும் முத்தியாலுப்பேட்டையை இடங்கையாருக்கும் ஒதுக்கினார்; எல்லைக்கற்கள் நடப்பட்டன. தீர்ப்பு பிடிக்காத வலங்கையார் பலர், ஊரைவிட்டே வெளியேறிச் சாந்தோமுக்குச் சென்றனர்!

எண்ணிப் பாருங்கள். கடல் கடந்து துணி வாங்க வந்தவரிடம் சென்று, ‘ஐயா, எங்கள் தெருவை எங்களுக்குள்ளே பங்கிட்டுத் தாருங்கள்’ என்று கைகட்டி நின்றோம்! பூசலை அவர்கள் தூண்டினார்களா என்று ஆராய வேண்டிய தேவைகூட இல்லை. தூண்டாமலேயே போரிட ஆயத்தமாக நாம் இருந்தோம். பூசலிடுவோர் இருவர் என்றால், பஞ்சாயத்துக்காரர் முதலாளியாவது இயற்கைதானே? வலங்கையின் பெருமைக்காகக் கம்பு தூக்கிய உழைப்பாளிகளிலே ஒரு பகுதியினர், தெருவிலே குடியிருக்கவும் இயலாதவர். ஆங்கிலேயர் வரைந்த பழைய நகரப் படங்களிலும் சேரி தனியாகத்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. தெருவே இல்லாதவன், தெரு உரிமைக்காகச் சண்டையிட்டான். இதனைவிட உருக்கமான நாடகம் உண்டோ!

தேவராச முதலித் தெருவுக்குள் நுழைவோம். பட்டணம் கோயில் என்று மக்கள் வழங்கும் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் கோயில்கள் இங்கே உள்ளன. பீரங்கிக்காக இடிபட்ட கோயில், 1760-களிலே மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் இங்கே மீண்டும் எழுந்தது. இடித்தபோது ஊர் கலங்கியது, எழுந்தபோது ஊர் மகிழ்ந்தது என்பர். எந்த ஊர்? சென்னை மாகாணத்துக் கோயில்களின் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்திட, 1947-இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. கோயிலை இடித்தவர் அந்நியர், சரி. நின்ற கோயிலுக்குள் நுழையாதே என்று தடுத்தவர் யார்? இடிந்ததற்காக வடித்த கண்ணீரிலே ஒரு துளி, தடுக்கப்பட்டவனுக்காகவும் வடிந்திருக்கலாகாதா?

தங்கசாலைத் தெரு வழியே வடக்கே நடந்தால் ஏழுகிணறு. 1772-இல் கேப்டன் பேக்கரின் திட்டப்படி இங்கே கிணறுகள் தோண்டி, கோட்டைக்குக் குடிநீர் கொண்டுசென்றனர். கருப்பர் நகரத்துக்குள் வெள்ளையர் வசிக்கார்; கருப்பர் நகரத்தின் தண்ணீர்மட்டும் இனித்தது! தண்ணீருக்கு நிறமில்லை என்பதனைத் தாகம் எடுக்கும்போதாவது மனிதன் ஒப்புக்கொள்கிறான்.

இதே ஏழுகிணறு வட்டாரத்திலே, வீராசாமிப் பிள்ளைத் தெருவிலே வளர்ந்தார் இராமலிங்க அடிகள். 1823-இல் மருதூரிலே பிறந்து, சிறுவனாய்ச் சென்னை வந்து, 1858-ஆம் ஆண்டளவிலே நகரை நீங்கினார். சாதியும் குலமும் பொய்யென உரைத்து, 1867-இல் வடலூரிலே தருமசாலை கண்டு, பசித்தவன் இன்னார் என்று கேளாமல் உணவிடச் செய்தார். தெருவைப் பங்கிட்ட நகரத்தின் ஒரு தெருவிலிருந்துதான், எல்லாரும் ஓரினம் என்ற குரலும் கிளம்பியது. ஆகவே, ஊரின்மீது நமக்கு வெறுப்பில்லை, நம்பிக்கையே உண்டு.

இன்னும் சிறிது மேற்கே வால்டாக்ஸ் சாலை. இன்றைய பெயர் வ.உ.சி. சாலை. 1769-இல் ஹைதர் அலி சென்னையின் வாயிலுக்கே வந்து உடன்படிக்கை வாங்கிச் சென்றார். அஞ்சிய கம்பெனி, புதிய கருப்பர் நகரைச் சுற்றி மதில் எழுப்பியது. ஒப்பந்தக்காரர் பால் பென்பீல்டு. செலவை யார் தருவது? குடியிருப்போரே சுவர் வரி செலுத்தட்டும் என்றனர். சட்டச் சிக்கலால் வரி தண்டப்படவில்லை, பெயர்மட்டும் தங்கிவிட்டது. பழைய சிறைச்சாலைச் சாலையிலே, மாடிப் பூங்கா என்று மக்கள் கூறும் இடத்திலே, அந்த மதிலின் ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. நமது நடை இங்கே முடிகிறது.

இப்போது கோட்டைத் தீர்மானத்தை நினைவூட்டிக்கொள்வோம். 1924-இல் சென்னைச் சட்டமன்றத்திலே இரட்டைமலை சீனிவாசன் எழுந்தார். அவர் கேட்டது பதவியன்று, பொருளன்று. பொதுத் தெருவிலே, பொதுச் சாலையிலே எவரும் நடக்கலாம், பொதுக் கிணற்றிலே எவரும் நீர் எடுக்கலாம், இவ்வளவே! தீர்மானம் நிறைவேறியது, அவ்வாண்டே அரசும் ஆணை வெளியிட்டது. ஹைதரைத் தடுக்க எழுந்த கல்மதில் ஒரு நூற்றாண்டு அளவிலே பயனிழந்து சரியத் தொடங்கியது. ஆனால், மனிதன் தன் ஊரிலே காலார நடப்பதற்கு, 1924 வரை காத்திருந்து அரசாணை பெறவேண்டியிருந்தது! ஆணை வந்த பின்னரும், எத்தனை தெருக்களிலே செருப்பைக் கையிலே ஏந்தி நடந்தனர் என்பதனை நாடறியும்.

வலங்கை யார், இடங்கை யார் என்று இன்று பிராட்வேயிலே நின்று கேளுங்கள். விடை கூற ஒருவர் கிடைப்பதரிது. ஊரைவிட்டே வெளியேறும் அளவுக்குப் பெரிதாகத் தோன்றிய பிரிவு, இன்று பொருள் விளங்காத சொல்! அந்தப் பெயர்களை மறக்க முடிந்த நம்மால், எஞ்சிய பெயர்களை மறக்க முடியாதா? இன்று மார்தட்டிக் கூறும் குலப்பெயர்களையும், நாளை நம் பேரப்பிள்ளைகள் அகராதியிலே தேடிக் காணும் நிலை வரவேண்டும்.

பழைய நகரிலே நடப்பது பொழுதுபோக்கன்று. இங்கே நாம் தடையின்றி எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியும், எவரோ தடுக்கப்பட்டு நின்ற இடத்தின்மீது விழுகிறது. அதனை உணர்ந்து நடப்போம். நம் ஊரிலே, நம் தெருவிலே, இன்னும் எவரேனும் ஒதுங்கி நின்று வழிவிடுவதைக் கண்டால், அவர் தோளிலே கை போட்டு, உடன் அழைத்துச் செல்வோம்.